வராமல் போன பதில்

சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, தூக்கமில்லாத கண்கள். போனில் மனைவியிடம் எதைச் சொன்னாலும், "கேட்டுச்சா? கேட்டுச்சுன்னு சொல்லு" என்று பதிலை வாங்கிக்கொண்டுதான் அடுத்ததைப் பேசினார்.

"சிக்னல் இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தானுங்க இருக்குது. எனக்குத்தான் பயம்" என்றவர், போனை வைத்துவிட்டுக் காரணத்தைச் சொன்னார்.

சில ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்கள், நடுவில் தலைமை என்று எதுவும் இல்லாமல், ஒன்றோடொன்று நேராகப் பேசி கையிருப்பு ரத்தத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் புரோகிராமை எழுதியவர் அவர். ஓரிடத்தில் ரத்தம் ஒதுக்கினால், கேட்ட இடத்திலிருந்து குறித்த நேரத்துக்குள் 'சரி' என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் அந்த ரத்தம் அடுத்துக் கேட்டவருக்குப் போய்விடும்.

ஒருநாள் அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய 'சரி', லைன் அறுந்ததால் போய்ச் சேரவில்லை. கிடைப்பதற்கு அரிய வகை ரத்தம். இருந்த ஒரே பையும் வேறிடம் போய்விட்டது. அவருடைய ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வந்திருந்த பெண் இறந்துபோனாள்.

"அதுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க?" என்றேன்.

"எல்லாரும் அதைத்தானுங்க சொல்றாங்க. பதில் வரலைன்னா அடுத்தவங்களுக்குங்கற அந்த விதி இல்லைன்னா ரத்தம் ஆருக்கும் ஆகாமப் பெட்டியிலயே கெடந்திருக்கும். அது ஒரு சின்னப் புள்ளைக்குப் போச்சுங்க. பொழச்சுக்கிச்சு. அவங்கப்பா தேடி வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாருங்க. அப்பக்கூட, நான் பார்த்தே இராத அந்தப் பொண்ணு மொகந்தானுங்க முன்னால வந்து நின்னுச்சு."

மல்லசமுத்திரத்தில் இறங்கிக்கொண்டார். அந்தத் தகப்பனிடம் அவர் என்னதான் சொன்னார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்னமும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.