எழுவாய் இல்லாத வாக்கியம்

எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலமும் சமூக அறிவியலும் நடத்தியவர் லோர்னா குபிசெக். பக்கத்து அறையில் நான் கணக்கு நடத்தினேன். நடுவில் மெல்லிய சுவர். "யார் செஞ்சா? அதை முதல்ல சொல்லு" என்று அவர் அதட்டுவது என் வகுப்பிலும் கேட்கும். இலக்கணத்துக்கும் வரலாற்றுக்கும் அவரிடம் இருந்தது அந்த ஒரு கேள்விதான்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் எங்கள் ஊரைப் போன்ற சிற்றூர்கள் ஏதாவதொரு ஆலையை நம்பித்தான் பிழைக்கின்றன. எங்களுடையது கோழி வெட்டிப் பொதியும் ஆலை. கல்லூரி விடுமுறைகளில் லோர்னாவும் அங்கே குடல் உருவியிருக்கிறார். அதன்பிறகு அவர் வாயில் கோழிக்கறி பட்டதில்லை.

அந்த வசந்தத்தில் விடாமல் மழை. ஆலையின் கழிவுக் குட்டை தளும்பியதும் மதகைத் திறந்து ஓடையில் விட்டுவிட்டார்கள். ஓடைக்கரைத் தகர வீடுகளுக்குள் ரத்தமும் கொழுப்பும் இறகுமாகப் புகுந்தன. வடிந்த பின்னும் ஊர் முழுக்க அழுகல் வாடை. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் குமட்டல். ஆலை வீடுவீடாக ஒரு அறிவிப்பு அனுப்பியது: "சிறிய கசிவு ஏற்பட்டது. அசௌகரியத்துக்கு வருத்தம் தெரிவிக்கப்படுகிறது."

லோர்னா அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்.

"கசிவு ஏற்பட்டதாம். யாரு கசியவிட்டது?"

"தானா கசிஞ்சிருக்கும் மிஸ். குட்டைக்கு ஜலதோஷம்" என்றான் பின்வரிசைப் பையன் ஒருவன். வகுப்பு சிரித்தது.

"சரி, அப்ப குட்டைதான் எழுவாய். குட்டையைப் புடிச்சு ஜெயில்ல போடலாமா?"

அந்த அறிவிப்பை எழுவாயோடு திருத்தி எழுதச் சொன்னார். அடுத்த மணியில், சமூக அறிவியலுக்கு, ஓடை யாருக்குச் சொந்தம், கேள்வி கேட்க யாரிடம் போக வேண்டும் என்று பேசினார்கள். தகர வீடுகளில் ஒன்றில் இருந்த சோமாலிய மாணவி தெகா இரண்டே வரி எழுதியிருந்தாள்: "ஆலைக்காரர்கள் மதகைத் திறந்தார்கள். என் அம்மா ரத்தத்தை வாளியில் அள்ளி வெளியே கொட்டினாள்." லோர்னா எல்லாத் தாள்களையும் நடைபாதைச் சுவரில் ஒட்டினார்.

அந்த வாரமே பள்ளிக் குழு அவரைக் கூப்பிட்டது. துணைக்கு நானும் போனேன். தலைவர் ட்வெய்ன் ஓல்ட்மன்ஸ், ஆலை மேலாளரின் மைத்துனர். மேஜை நடுவில் ஆலை அனுப்பிய பொரித்த கோழி ஒரு தட்டு நிறைய இருந்தது. வெளியே அந்த நாற்றம், உள்ளே இந்த எண்ணெய் வாசனை. ட்வெய்ன் எலும்பைக் கடித்துப் போட்டுவிட்டு, அதே விரல்களால் தெகாவின் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"என்ன லோர்னா, இலக்கணம் சொல்லிக் குடுங்கன்னா வக்கீல் வேலை சொல்லிக் குடுக்கறீங்க?"

"இலக்கணம்தான் ட்வெய்ன். வாக்கியத்துக்கு எழுவாய் வேணும்."

"நாய் பூனைன்னு ஊர்ல எத்தனை எழுவாய் கெடக்கு! ஆலைதான் கெடைச்சுதா?" குழுவே குலுங்கிச் சிரித்தது. "சாப்பிடுங்க, ஆறிடப் போகுது."

"முதல்ல கையைத் தொடைங்க. அது ஒரு பொண்ணு எழுதினது."

அவர் துடைக்கவில்லை. தாளில் எண்ணெய் பரவிக்கொண்டிருந்தது. நான் எழுந்து, பாடத்தில் தவறு ஒன்றுமில்லை என்றேன். "கணக்கு வாத்தியாருக்கு இங்க என்ன கணக்கு?" என்று என்னை உட்கார வைத்தார்கள்.

சமூக அறிவியல் லோர்னாவிடமிருந்து பறிக்கப்பட்டது. அதற்குப் பதிலாக ஆலை அச்சடித்த வண்ணப் புத்தகம் ஒன்று வகுப்புக்கு வந்தது. அட்டையில் ஒரு சேவல் சிரித்துக்கொண்டிருந்தது. ஆங்கிலத்துக்குக் கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சித் தாள்கள் மட்டும் போதும் என்று உத்தரவு. லோர்னா அந்தக் கோடைவரை பல்லைக் கடித்துக்கொண்டு நிரப்ப வைத்தார். பிறகு வேலையை விட்டார். இலையுதிர் காலத்தில் நடந்த பள்ளிக் குழுத் தேர்தலில் ட்வெய்னை எதிர்த்து நின்றார்.

வாக்குப் பதிவுக்கு முந்தின ஞாயிறு, தேவாலயக் கூடத்தில் ஆலை எல்லோருக்கும் இலவசக் கோழி போட்டது. தகர வீட்டுக்காரர்கள்கூட வரிசையில் நின்றார்கள். குடியுரிமை இல்லாததால் அவர்களில் பலருக்கு ஓட்டே இல்லை. ஓட்டு இருந்தவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு ட்வெய்னுக்குப் போட்டார்கள். லோர்னா படுதோல்வி அடைந்தார்.

இப்போது சனிக்கிழமைகளில் ஊர் நூலகத்தில் உட்காருகிறார். தெகாவும் இன்னும் சிலரும் வருகிறார்கள். மாவட்டச் செய்தித்தாளை விரித்துவைத்து வரிவரியாக எழுவாய் தேடிச் சண்டை போடுகிறார்கள். நூலகர் இரண்டுமுறை சத்தத்தைக் குறைக்கச் சொன்னதாகக் கேள்வி.

போன மாதம் மளிகைக் கடையில் நானும் லோர்னாவும் வரிசையில் நின்றிருந்தோம். ட்வெய்ன் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார்.

"மனசுல எதையும் வெச்சுக்காதீங்க லோர்னா. நம்ம ஊரு, நம்ம ஜனங்க" என்று கையை நீட்டினார்.

லோர்னா அந்தக் கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தள்ளுவண்டியின் பிடியிலிருந்து தன் கையை எடுக்கவே இல்லை.

"நகருங்க ட்வெய்ன். என் முறை வந்துடுச்சு" என்றார்.