பூட்டுக்காரன் ஆறாம் பாகமும் அத்தையும்

அந்த ஊர்ப் பிள்ளைகளின் சாபத்தையெல்லாம் மொத்தமாக வாங்கிக் கட்டிக்கொண்ட ஒருத்தி உண்டென்றால், அது ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் அத்தைதான். ‘அத்தை பார்த்துவிட்டாள்’ என்று ஏழாம் பக்கத்தில் ஒரு பத்தி. புதிதாக வந்த அடிதடிப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா, காட்டினால் எந்த வயதிலிருந்து காட்டலாம் என்று அதில் தீர்ப்பு இருக்கும். அத்தை பன்னிரண்டு என்று எழுதிவிட்டால், பதினொரு வயதுப் பிள்ளை தரையில் விழுந்து புரண்டாலும் அம்மாக்கள் மசிய மாட்டார்கள். அத்தையே சொல்லிவிட்டாளே, அப்புறம் என்ன?

அந்த அத்தைக்கு மீசை உண்டு என்பது பத்திரிகை அலுவலகத்தில் இரண்டு பேருக்கும், ஒரு சின்ன வீட்டில் மூன்று பேருக்கும் மட்டுமே தெரியும்.

அவர் அந்தப் பத்திரிகையில் புரூஃப் பார்த்து அச்சுப் பிழை திருத்தியவர். முதலில் அந்தப் பத்தியை எழுதியது நிஜமாகவே யாரோ ஓர் அத்தைதான். இரண்டு வாரம் எழுதிவிட்டு, துப்பாக்கிச் சத்தத்தில் தலை வலிக்கிறது என்று அந்த அம்மாள் கம்பி நீட்டிவிட்டார். பழைய ஆசிரியர் சுற்றுமுற்றும் பார்த்தார். எதை நீட்டினாலும் அதில் குற்றம் கண்டுபிடிக்கிற ஆள் அலுவலகத்தில் ஒருவர்தான் இருந்தார். பெயர் அத்தை என்றே இருக்கட்டும், மாமா சொன்னால் எந்த வீட்டில் கேட்கிறார்கள் என்று ஆசிரியர் சொன்னதை அவர் ஒப்புக்கொண்டார். அவர் வீட்டு நிலவரமும் அதுதான்.

வேலையை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்குத் தனியாகப் போவார். ஓரத்து இருக்கை, மடியில் காகிதம், இருட்டிலேயே எழுதுகிற பழக்கம். எந்தப் படத்தையும் மொத்தமாகத் தூக்கி எறிய மாட்டார். ‘பாலத்துப் பாட்டு முடிந்ததும் வில்லன் கையுறை மாட்டத் தொடங்குவான். அப்போது பிள்ளையின் கண்ணைப் பொத்துங்கள். கதவு அறைந்து சாத்துகிற சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிடலாம்’ என்று இடம் சுட்டி எழுதுவார். கதையில் யார் பிழைக்கிறான், யார் சாகிறான் என்பதை மட்டும் உயிரே போனாலும் எழுத மாட்டார். அது அத்தையின் தர்மம்.

அத்தையின் செல்வாக்கு எப்படியென்றால், சினிமாவுக்குச் சம்பந்தமே இல்லாத கடிதங்களெல்லாம் வரும். என் பையன் நகம் கடிக்கிறான், என்ன செய்ய அத்தை என்று ஒரு தாய் கேட்டிருந்தாள். மனைவியை இழந்த ஒரு மரக்கடைக்காரர், அத்தைக்குச் சம்மதமென்றால் மிச்ச காலத்தைச் சேர்ந்தே கழிக்கலாம் என்று எழுதியிருந்தார். அதை அவர் மனைவியிடம் காட்டினார். அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. நல்ல இடமாக இருக்கிறது, விட்டுவிடாதீர்கள் என்றாள்.

இந்தச் சிரிப்புக்கு நடுவில் வேறு விதமாகக் கஷ்டப்பட்டது மகள்தான். பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமையானால் அத்தைக்கு அர்ச்சனை நடக்கும். அந்த அத்தை உருப்படுவாளா, அவளுக்குப் பிள்ளைகுட்டியே இருக்காது என்று வகுப்பே கூடித் திட்டும். அத்தையின் ஒரே பிள்ளை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கும்.

மற்றப் படங்களைக்கூட விட்டுவிடலாம். பூட்டுக்காரன்தான் அந்த வீட்டின் தீராத வழக்கு. எந்தப் பூட்டையும் திறக்கிற, எவனையும் அடிக்கிற கதாநாயகன். முதல் பாகம் வந்தபோது மகளுக்கு ஏழு வயது. எட்டு வயதுக்கு மேல் என்று அத்தை எழுதினாள். இரண்டாம் பாகம் வந்தபோது மகளுக்குப் பத்து. அத்தை பன்னிரண்டு என்றாள். கதாநாயகனின் தம்பி வருகிற மூன்றாம் பாகத்தின்போது மகளுக்குப் பதின்மூன்று, தீர்ப்பு பதினைந்து. அதில் செத்துப்போன அந்தத் தம்பி எந்தக் கூச்சமும் இல்லாமல் எழுந்து வந்த நான்காம் பாகம் வரும்போது மகளுக்குப் பதினேழு. அத்தை கொஞ்சமும் யோசிக்காமல் பதினெட்டு போட்டாள்.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. படம் முடிந்து வெளியே வரும்போது மனசுக்குள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொள்வார்: இதைப் பார்த்துவிட்டு என் பெண் ராத்திரி நிம்மதியாகத் தூங்குவாளா? மாட்டாள் என்றே ஒவ்வொரு முறையும் பதில் வரும். உடனே ஒன்றோ இரண்டோ கூட்டிப் போட்டுவிடுவார். ஆக, ஊரிலுள்ள பிள்ளைகள் அத்தனை பேருடைய தலையெழுத்தும் ஒரே ஒரு பெண்ணின் வயதைப் பார்த்து எழுதப்பட்டது. இதை முதலில் கண்டுபிடித்தவள் மனைவிதான். அவள் அதைச் சொல்லிக் காட்டியபோது, அடுத்த பாகத்துக்கு மகளும் தயாராகிவிடுவாள், சேர்ந்தே போகலாம் என்றார்.

அந்த அடுத்த பாகம் வந்தபோது மகள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள். பிறகு மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். அவரும் ஓய்வு பெற்றார். பத்தியும் நின்றது. மகளோடு ஒரு பூட்டுக்காரன்கூடப் பார்த்ததில்லை என்பது தனியாகச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் நெஞ்சில் வந்து குத்தும். ஆசையாகக் கேட்ட வயதில் கூட்டிப்போகாமல் விட்டோமே என்று இருக்கும். மகள் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறைசொன்னதில்லை. அதனால்தான் அவருக்கு அதிகமாக வலித்தது.

இந்த நிலையில் ஆறாம் பாகம் வந்தது. இதுதான் கடைசி என்று விளம்பரத்தில் சத்தியம் செய்திருந்தார்கள். பத்திரிகையின் புதிய ஆசிரியை போனில் கூப்பிட்டாள். அந்தப் பெண்ணும் அத்தையால் பாதிக்கப்பட்டவள்தான். வேலையில் சேர்ந்த முதல் வாரம், அத்தை யாரென்று தெரிந்ததும், உங்களால்தான் சார் நான் மூன்றாம் பாகம் பார்க்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னவள். இப்போது கடைசிப் பாகத்துக்கு அத்தை திரும்பி வரவேண்டும், முதல் பக்கத்திலேயே இடம் என்றாள். அவரைக் கேட்பதற்கு முன்பே விளம்பரமும் போட்டிருந்தாள். அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அலமாரியில் கிடந்த பழைய பேனாக்களை எடுத்து ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தார்.

மகள் அப்போது விடுமுறையில் வீட்டில் இருந்தாள். அடுத்த வாரம் கிளம்பிவிடுவாள். துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் போய், அலுவலக விஷயம் பேசுகிற குரலில், கண் முன்னைப்போல இல்லை, பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் உதவியாக இருக்கும் என்று ஆரம்பித்தார். எந்தப் படம் என்பதைக் கடைசியில்தான் சொன்னார்.

“எனக்கு வயசு பத்துமாப்பா?” என்று மட்டும் அவள் கேட்டாள். பிறகு போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

தியேட்டர் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. ஒரே பெரிய கூடமாக இருந்ததை நான்காகக் கூறு போட்டிருந்தார்கள். நாற்காலிகள் சாய்ந்தன, பொரி வாசனை மட்டும் பழையபடி இருந்தது. பிள்ளைகள் அதிகமில்லை. தலையில் பாதி முடியை இழந்த ஆண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இவர்கள் அத்தனை பேரையும் ஒரு காலத்தில் வாசலோடு திருப்பி அனுப்பியவர் தான்தான் என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. மடியில் காகிதத்தை விரித்தார்.

படம் அரைத்த மாவைத்தான் அரைத்தது. கதாநாயகனுக்கு முடிக்குச் சாயம், முட்டிக்கு வலி. ஆனாலும் அவன் ஒரு பூட்டின் முன்னால் மண்டியிட்டதும் கூடம் அடங்கியது. அவர் பாதிப் படத்தைத்தான் பார்த்தார். மீதி நேரம் ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தார். அவள் முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றி, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, குழந்தை மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு இவ்வளவு வருஷம் ஆக வேண்டியிருந்ததா என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது திரையில் ஒற்றைக் காதோடு ஒரு கிழட்டு அடியாள் வந்தான். மகள் பக்கென்று சிரித்தாள்.

“இவன் ரெண்டாம் பாகத்துல கிணத்துல விழுந்தவன்பா. இவன் விழறப்பதான் ரீல் அறுந்துபோச்சு. அரை மணி நேரம் பாதிக் கிணத்துல தொங்கிட்டே இருந்தான். எல்லாரும் விசில் அடிச்சாங்க.”

அவர் எழுதுவதை நிறுத்தினார். வெள்ளிக்கிழமை முதல் காட்சியில் ரீல் அறுந்ததாக அவருக்கு நினைவில்லை. இரண்டாம் பாகத்துக்குத் தீர்ப்பு பன்னிரண்டு. அவளுக்கு அப்போது பத்து. கணக்கு எங்கேயோ இடித்தது. சிரித்து முடித்த மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் இருவரும் திரையைப் பார்த்தார்களே தவிர, படம் பார்க்கவில்லை.

இடைவேளையில், நடைவழியில் சுவரோரமாக நின்றுகொண்டு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சனிக்கிழமை பூராவும் அவர் அச்சகத்தில் இருப்பார். அத்தையின் பத்தி வந்த அடுத்த சனிக்கிழமை மதியம், தாயும் மகளும் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். முதல் பாகத்திலிருந்து நான்காம் பாகம்வரை ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறார்கள்.

“அம்மா நீங்க எழுதினதை மனப்பாடம் பண்ணிட்டு வருவாப்பா. வில்லன் கையுறையைத் தொட்டாப் போதும், டக்குனு என் கண்ணைப் பொத்திடுவா. கதவு சாத்தற சத்தம் கேட்டப்புறம்தான் எடுப்பா. அப்பா சொன்னபடிதானே பாக்கறோம், வயசு மட்டும்தானே கொஞ்சம் முன்னபின்ன இருக்குன்னு சொல்லுவா.”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாம் பாகம் வந்த சமயம், இட்ட சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவரிடம், அந்தத் தம்பி செத்தது பாவம் இல்லையா என்று மனைவி கேட்டது இப்போது நினைவுக்கு வந்தது. ஆமாம், பாவம்தான் என்று சொல்லிவிட்டு அவர் மோர் கேட்டிருந்தார். தம்பி சாவதை அத்தை எழுதவே இல்லையே! பிழை பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட மனுஷர், தட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்த பிழையைப் பார்க்காமல் விட்டுவிட்டார்.

முதலில் அவருக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. அந்த இருட்டில் ஒரு கையால் மகளின் கண்ணைப் பொத்திக்கொண்டு, தான் மட்டும் கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் மனைவியின் முகம் தெரிந்தது. அவள் போன பிறகு அவளைப் பற்றிப் புதிதாக எதுவும் வந்து சேராது என்று நினைத்திருந்தார். இதோ வந்திருக்கிறது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்குள் தான் இல்லையே என்பதுதான் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் தனியாகப் போய் உட்கார்ந்து இவர்களைப் பற்றியே நினைத்துக்கொண்டு படம் பார்த்தவர் அவர்.

“என்னையும் ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாமே அம்மாடி” என்றார்.

மகள் அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

“கூப்பிட்டா அத்தைதான் வந்திருப்பாப்பா. நீங்க வந்திருக்க மாட்டீங்க.”

மணி அடித்தது. சனங்கள் உள்ளே போனார்கள். அவள் வருத்தப்பட்டோ குத்திக்காட்டியோ சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொன்னாள். அவர் உள்ளே போய் உட்கார்ந்ததும் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். காகிதத்தை மடித்து நாற்காலிக்கு அடியில் போட்டார்.

இரண்டாம் பாதியில் பூட்டுக்காரன் ஒரு ரயில் பெட்டிக்குள் ஏழெட்டுப் பேரைத் துவைத்து எடுத்தான். எதற்காக என்று அவருக்கு விளங்கவில்லை. அவன் எப்போது சிரித்தான், எப்போது ரத்தம் வந்தது, பிள்ளைகள் எங்கே பயப்படும் என்று எதையும் அவர் குறித்துக்கொள்ளவில்லை. கூடம் கைதட்டியபோது மகள் கைதட்டினாள். அவரும் தட்டினார். ஓர் இடத்தில் அவள் நாலாம் பாகத்தில் அம்மா அழுத கதையை அவர் காதில் சொன்னாள். பின்வரிசைக்காரர் உஸ் என்று அதட்டினார். வாழ்நாளில் முதல் தடவையாகத் தியேட்டரில் அதட்டு வாங்கியதில் அவருக்குப் பெருமையாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆசிரியை போனில் கூப்பிட்டுவிட்டாள். முதல் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறது, ஊரே எதிர்பார்க்கிறது, சாயங்காலத்துக்குள் அத்தை எழுதித் தந்தாக வேண்டும், எத்தனை வயது என்பதையாவது இப்போதே சொல்லிவிட்டால் நல்லது என்றாள். மகள் சமையலறையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அத்தை இன்னைக்குப் படத்துக்கு வரலைம்மா” என்றார். “நான்தான் என் பொண்ணோட போயிருந்தேன்.”