எல்லையில் கிடந்தவர்

எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்தியது ஓர் எல்லைக்கல்லால். ஆரியங்கோட்டில் தாத்தாவின் ரப்பர் தோட்டத்தைப் பாகம் வைத்தபோது, கல்லை ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டதாக இவர் அவரைச் சொன்னார், அவர் இவரைச் சொன்னார். நானும் சித்தப்பா மகளும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஆனாலும் பேசக்கூடாது என்று இரண்டு வீட்டிலும் உத்தரவு.

மரங்களை முறித்த பிறகு, இருவருமே தங்கள் பாகத்தை வெட்டுக்கல் என்னும் செம்புரைக்கல் எடுக்க ஒரே காண்டிராக்டருக்கு விட்டார்கள். பேசாமலே அவர்கள் ஒத்துப்போன காரியம் அது ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை காலை இயந்திரம் ஒரு பலகைக்கல்லைப் புரட்டியது. கீழே குழி. அதில் சில மண்பானைகள், துருவேறிய ஒரு கத்தி, மல்லாந்து கிடந்த ஒரு மனிதரின் எலும்புகள். பக்கத்திலும் அதேபோல் பலகைக்கற்கள் தெரிந்தன. தகவல் போய், மத்தியானம் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு தொல்லியல் ஆய்வாளர் வந்தார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய இடுகாடு என்றும், ஈரம் பட்டால் எலும்பு பொடிந்துவிடும் என்றும் அந்த அம்மா சொன்னார். பிறகு, "இதாருடெ பூமியா?" என்று, இது யாருடைய நிலம் என மலையாளத்தில் கேட்டார். அப்பா சித்தப்பாவின் பக்கம் கை காட்டினார். சித்தப்பா அப்பாவின் பக்கம் காட்டினார். உள்ளே இருந்தவரோ தலையை எங்கள் பாகத்திலும் காலை அவர்கள் பாகத்திலும் வைத்துக் கிடந்தார்.

நாளை ஆட்களோடு வருவதாகச் சொல்லிவிட்டு ஆய்வாளர் போனார். அவருடைய கார் போன கையோடு வானம் இருட்டியது. காண்டிராக்டர் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, வேலை நிண்ணா எல்லாருக்கும் நஷ்டமாக்கும். இதுக்க மேல வண்டிய ஒருக்கா ஓட்டுவோம். மழையில இடிஞ்சு போச்சுண்ணு சொன்னா போதும்."

அப்பா குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேண்டாம். நமக்க பூமியில கெடக்குத ஆளாக்கும்."

‘எனக்க பூமி’ என்றுதான் அப்பா எப்போதும் சொல்வார். சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். வீட்டுக்கு ஓடி, விறகை மூடியிருந்த தார்ப்பாயை உருவிக்கொண்டு வந்தார்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

"எலே, அந்த முனைய இழுத்துப் பிடி."

"பிடிச்சாச்சு. நீங்க கல்லு வையுங்க அண்ணே. வழுக்கும், பாத்து" என்றார் சித்தப்பா.

நானும் சித்தப்பா மகளும் கல் பொறுக்கிக் கொடுத்தோம். யாரும் தடுக்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் நாங்கள் பேசித் தீர்க்காத கதை பாக்கியில்லை. அவள் எனக்குத் திரும்பக் கிடைத்ததற்கு, பெயர் தெரியாத அந்த மனிதருக்கு நான் இன்றும் நன்றி சொல்லிக்கொள்கிறேன். மறுநாள் அவரை நனையாமல்தான் ஒப்படைத்தோம். அதன்பிறகு அங்கே யாரும் கல் வெட்டவில்லை.

அன்று மழை விட்டதும், பாகம் வைத்த பிறகு முதல்முறையாக, சித்தப்பா எங்கள் அடுக்களைப் படியில் உட்கார்ந்து பால் விடாத கட்டன்சாயா குடித்தார். அவர் போன பிறகு அம்மை அடுப்பின் பக்கம் திரும்பி நின்று அழுதாள். எலும்புகளைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"பயப்படாண்டாம் அம்மே, அவரு ஒண்ணும் செய்யமாட்டாரு" என்றேன்.

அம்மை என்னைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இன்னும் அழுதாள்.