மஞ்சள் காய் ஜெயித்த ஆட்டம்

நான் முழுதாக எழுதி முடித்த முதல் புரோகிராம் ஒரு பாம்பும் ஏணியும் ஆட்டம். அது எங்கள் வீட்டில் செய்த காரியத்தை இன்றுவரை நான் யாரிடமும் வாய்திறந்து சொன்னதில்லை. 

தொண்ணூறுகளின் கடைசி. டிகிரி முடித்துவிட்டு, தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு புராஜெக்ட் செய்யவேண்டும். கூடப் படித்தவர்கள் எல்லாரும் முந்தின பேட்சிடமிருந்து நூலக நிர்வாகம், ஆஸ்பத்திரி நிர்வாகம் என்று ஈயடிச்சான் காப்பி அடித்தார்கள். எனக்குப் பிறவியிலேயே வீம்பு கொஞ்சம் அதிகம். ஆட்டம் ஒன்று செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

விஷுவல் பேசிக்கில் அதற்கு ஒரு சௌகரியம் இருந்தது. திரையில் வெறும் பலகை ஒன்று வரும். பக்கத்தில் இருக்கும் பெட்டியிலிருந்து பொத்தானையும் படத்தையும் அதில் இழுத்துப் போடலாம். பிறகு அந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கவேண்டும் என்று எழுதினால் போதும். நூறு கட்டம் வரைந்தேன். ஏணிகள் பரவாயில்லாமல் வந்தன. பாம்பைப் பார்த்துவிட்டு அம்மா, "என்னட்டி, பொடலங்காய எல்லாம் வரஞ்சு வச்சிருக்க?" என்றாள். காய்களுக்கு இரண்டு வட்டம், ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். சிவப்புதான் முதலில் போடும். பகடைக்கு ஒரு பொத்தான், அதை அழுத்தினால் ஒன்றிலிருந்து ஆறுக்குள் ஏதாவது ஒரு எண் வரும்.

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததே சித்தப்பாவால்தான். அப்பா யோசித்துக்கொண்டே இருந்தபோது சித்தப்பாதான் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பேசி முடித்தார். தம்பானூரிலிருந்து ஆரியசாலை வரை ஆட்டோவில் மானிட்டரை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு குழிக்கும் டிரைவரிடம், "பதுக்கே சேட்டா, பதுக்கே" என்று மலையாளத்தில், மெதுவாகப் போகச் சொல்லிக் கெஞ்சிய குரல் இப்போதும் காதில் இருக்கிறது. தெருவில் கண்டவர்களிடமெல்லாம், "எங்க அண்ணன் மக கம்ப்யூட்டர் படிக்கா" என்று சொல்லித் திரிந்தவர் அவர்.

அம்மாவுக்கு ஆட்டம் பிடித்துப்போயிற்று. மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்காருவாள். சிவப்பும் அவளே, மஞ்சளும் அவளே. ஒரே ஒரு ஆட்டம். பெட்டி சூடாகிவிடும் என்று அப்பா பயப்படுவதால் உடனே அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். நானோ ஒரு நாள்கூட முதலிலிருந்து கடைசிவரை ஆடியதில்லை. காய்களைப் பாம்பின் வாயருகே நேராகக் கொண்டுவைத்து, சரியாக இறங்குகிறதா என்று பார்ப்பதோடு என் சோதனை முடிந்துவிடும்.

அந்த வருஷம்தான் தாத்தா தவறியிருந்தார். அவருடைய மிளகாய்வத்தல், மல்லி மொத்தக்கடையை அப்பாவும் சித்தப்பாவும் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தெருவைப் பார்த்த முன்கடை ஒன்று. சந்துக்குள் கைவண்டிகூடத் திரும்பாத பின்கடை ஒன்று. முன்கடை யாருக்கோ அவருக்கு வியாபாரம், பின்கடை யாருக்கோ அவருக்குக் காத்துக்கிடப்பு. இது இருவருக்கும் தெரியும். ஒரே வீட்டில் மாடியிலும் கீழுமாக இருந்துகொண்டு, "சித்தப்பாகிட்ட சொல்லு", "அப்பாகிட்ட சொல்லு" என்று என் வழியாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

இப்படிப்பட்ட காரியத்துக்கு எங்கள் பக்கத்தில் கோயிலில் திருவுளச்சீட்டு போடுவார்கள். சாமி முன்னால் சீட்டை எடுத்தால் அப்புறம் மறுபேச்சு கிடையாது. ஆனால் துக்க வருஷம் முடியாமல் கோயில் படி மிதிக்கக்கூடாது. புது வத்தல் வரத்துத் தொடங்குமுன் பிரித்தாகவும் வேண்டும். வீட்டில் வைத்தே சீட்டுப் போடலாம் என்றால், யார் எடுப்பது? அப்பா சொன்ன ஆள் சித்தப்பாவுக்குப் பிடிக்கவில்லை. சித்தப்பா சொன்ன ஆள் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வாரம் இழுத்தது.

கடைசியில் சித்தப்பாதான் வழி சொன்னார்.

"கம்ப்யூட்டர் போடட்டும். அதுக்கு அண்ணனும் தெரியாது, தம்பியும் தெரியாது. நம்ம பிள்ள எழுதுன களியாக்கும். அதுல கள்ளம் வராது."

களி என்றால் ஆட்டம்; அதில் ஜெயிக்கிறவருக்கு முன்கடை. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் ஜாதகம் எழுதிக்கொடுத்த காலம் அது. அச்சடித்த தாளில் வந்த ராசிக்கட்டத்தை ஜோசியர் வாக்குக்கு மேலாக மதித்தார்கள். சாமிக்கு அடுத்தபடி கம்ப்யூட்டர் என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கருத்து இல்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரம் முடிந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டு, ஆட்டத்தை நானே திறந்து வைத்தேன். எங்கள் வீட்டில் எதற்கும் மூத்தவர்தான் முதல். விஷுவுக்குக் கைநீட்டக் காசு கொடுப்பதும், பந்தியில் முதல் இலைக்கு உட்காருவதும் அப்பாதான். வழக்கப்படி அப்பா மவுஸில் கைவைத்தார். அப்போது அடுக்களை வாசலில் நின்ற அம்மா சொன்னாள்.

"தம்பி மொதல்ல போடட்டும். எளையவங்களுக்கு விட்டுக்குடுத்தா கொறஞ்சா போயிரும்?"

சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மைனி மனசு யாருக்கு வரும்?" என்றார். அப்பா எழுந்து இடம் கொடுத்தார்.

சிவப்புக்கு எடுத்த எடுப்பில் ஐந்து விழுந்தது. நான் கைதட்டினேன். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் இருபத்தொன்றில் ஏணி ஏறியது. அடுத்த போடுதலிலேயே சிவப்பைப் பதினெட்டில் பாம்பு கடித்தது. அதன்பிறகு சிவப்பு எழுந்திருக்கவே இல்லை. மஞ்சள் நூறைத் தொட்டபோது சித்தப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து அப்பாவின் கையைப் பிடித்து, "முன்கட அண்ணனுக்கே இருக்கட்டும். கம்ப்யூட்டர் சொல்லியாச்சு" என்றார். அப்பா குலுங்கி அழுதார். மாதக்கணக்கில் பேசாதவர்கள் அன்று ஒன்றாகச் சாப்பிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை சென்டரில் எனக்குச் செய்முறைத் தேர்வு. எங்கள் சார் ஆட்டத்தைத் திறந்து பகடையை அழுத்தினார். ஐந்து. நாலு. நாலு. இரண்டு. மூடிவிட்டு மறுபடி திறந்தார். ஐந்து. நாலு. நாலு. இரண்டு. மூன்றாம் தடவையும் அதே. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"குட்டி, ராண்டமைஸ் எழுதியில்லல்லோ?"

பிறகு விளக்கினார். கம்ப்யூட்டர் பகடையெல்லாம் உருட்டுவதில்லை. அதனிடம் எண்களின் நீளமான பட்டியல் ஒன்று இருக்கிறது. ஆட்டத்தைத் திறக்கும்போதெல்லாம் அதே பட்டியலை முதலிலிருந்து வாசிக்கும். கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் வேறு இடத்திலிருந்து தொடங்கு என்று சொல்ல ராண்டமைஸ் என்று ஒரே ஒரு வார்த்தை உண்டு. அதை நான் எழுதவில்லை. அடுத்த வாரம் திருத்திக்கொண்டு வா என்றார்.

மார்க் போயிற்றே என்ற எரிச்சலோடுதான் படியிறங்கினேன். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போதுதான் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. நடுரோட்டில் நின்றுவிட்டேன். ஒரு ஆட்டோக்காரன் என்னவோ திட்டினான். புதிதாகத் திறந்த ஆட்டத்தில் சிவப்பு ஜெயிக்கவே முடியாது. சித்தப்பா உட்கார்ந்த நொடியிலேயே தோற்றாகிவிட்டது.  தெரியாமல் நடந்த பிழைதானே, சொன்னால் திருத்திவிடலாம் என்று என்னையே தேற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நிமிரவில்லை.

"அஞ்சு, நாலு, நாலு, ரெண்டு, ரெண்டு, அஞ்சு, ஒண்ணு," என்றாள். "தெனமும் அதானே வருகு? நான் நீ அப்பிடித்தான் எழுதியிருக்கேண்ணு நெனச்சேன்."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.  அடுக்களை வாசலில் கேட்ட அந்தப் பெருந்தன்மைக் குரல், சித்தப்பாவின் கலங்கிய கண், எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

"அம்மா, நீ தெரிஞ்சுதானா அவரை மொதல்ல போடச் சொன்ன?"

"பின்னே? ஒங்கப்பா அந்தச் சந்துக்குள்ள கெடந்தா ஒனக்கு எங்கேருந்து படிப்பு, எங்கேருந்து கல்யாணம்? அவியளுக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சா இப்பமே சாவியக் கொண்டு குடுத்துருவாவ. நீ வாய வச்சுட்டு சும்மா கெட."

கீரையை அள்ளிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். என்னை வளர்த்தவள்தானா இவள் என்று அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றும் அடுத்த நாளும் நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அந்த வாரம் போயிற்று. கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மாடியிலிருந்து இறங்கி வந்தார். சவரம் செய்யாத முகம். கூச்சத்தோடு கேட்டார்.

"மக்ளே, அந்தக் களிய ஒரு தவண திறயேன். நான் எவிட வச்சாக்கும் தோத்ததுண்ணு ஒண்ணு பாக்கணும். ராத்திரியெல்லாம் அதுதான் கண்ணுல நிக்கி."

வத்தல் மூட்டை ஒவ்வொன்றின் எடையையும் சீட்டில்லாமல் சொல்கிறவர் அவர். நாலாவது எண் விழும்போதே, அன்றைய எண்களேதான் இவை என்று பிடித்துவிடுவார். நான் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை, திறந்து வைத்தால் போதும். அடுக்களையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். ஆட்டத்தைத் திறக்காமல், நான் எழுதி வைத்திருந்த வரிகளைத் திறந்தேன். மேலே ஒரு வரி இடம்விட்டு, ராண்டமைஸ் என்று தட்டினேன்.

"என்ன மக்ளே எழுதுக?"

"சின்னத் தப்பு ஒண்ணு சித்தப்பா. சார் திருத்தச் சொன்னாரு."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவர் சிவப்புக்கு அழுத்தினார். மூன்று விழுந்தது. மஞ்சளுக்கும் அவரே அழுத்தினார். ஏறினார், இறங்கினார், நாக்கைக் கடித்துக்கொண்டு ஆடினார். கடைசியில் சிவப்பு ஜெயித்தது. என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை.

"பாத்தியளா மைனி!" என்று அடுக்களையைப் பார்த்துக் கத்தினார். "இண்ணைக்கு நான் ஜெயிச்சாச்சு. அப்பம் அண்ணைக்கு எனக்கு விதிச்சது அவ்வளவுதான்." என் உச்சந்தலையில் கைவைத்தார். "மனசுக்குள்ள ஒரு சம்சயம் கெடந்து அரிச்சுது, கேட்டியா மக்ளே. இனி இல்ல."

சட்டையை மாட்டிக்கொண்டு சந்துக்கடையைத் திறக்கப் போனார். பாத்திரச் சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அம்மா எனக்குக் காப்பி கொண்டுவந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தாள்.  நான் அதை எடுத்துக் குடித்தேன்.