தறி ஓடாத தெருவில் ஒரு ஜாஸ் கச்சேரி

சேலம் ஜங்ஷனில் இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. பெருமழை இல்லை. குடையை விரித்தால் நிற்கும், மடக்கினால் தூறும், அந்த ரகம். ஐப்பசி மாதத்தில் வேறு எதை எதிர்பார்த்துக் கிளம்பினேனோ தெரியவில்லை. பள்ளிபாளையத்தில் ஒரு விசைத்தறிக்கூடத்தைக் காலி செய்து, அதில் நாட்டுப்புறப் பாட்டு, ஜாஸ், வெளிநாட்டு இசை என்று மாதம் ஒரு கச்சேரி நடத்துகிறார்கள் என்று ஒரு நண்பர் சொல்லியிருந்தார். எழுபது நாற்காலிதான், ஒலிபெருக்கி கிடையாது என்றார். அந்தக் கடைசித் தகவல்தான் என்னைச் சென்னையிலிருந்து இழுத்து வந்தது. நான் இதுவரை போன கச்சேரிகளில் பாடகரைவிட ஸ்பீக்கர்தான் அதிகம் பாடியிருக்கிறது.

காலை ஒன்பது மணிக்குப் புதிய பேருந்து நிலையத்தில் ஈரோடு வண்டி கிடைத்தது. பள்ளிபாளையத்துக்கு நாற்பத்தெட்டு ரூபாய் டிக்கெட். அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நடத்துநர் சில்லறையை என் கையில் கொட்டிவிட்டு, அங்கே யார் வீட்டுக்கு என்று விசாரித்தார். கச்சேரி கேட்கப் போகிறேன் என்றேன்.

“பள்ளிபாளையத்துலீங்களா? அங்கெ தறிச் சத்தத்துல பக்கத்துல நிக்கறவன் பேசறதே காதுல உழுவாதுங்களே!”

அதற்குப் பிறகு அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்த்தார். சங்ககிரி மலைக்கோட்டை பாதிக்கு மேல் மேகத்துக்குள் போயிருந்தது. சாலையோரம் வரிசையாக நின்ற லாரிகளின் தார்ப்பாய்களில் தண்ணீர் குளம் கட்டியிருந்தது. ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லை. என் இடது தோள் முழுக்க நனைந்துவிட்டது. உற்சாகமாக இருந்தேன் என்று எழுதினால் அது பொய்.

பதினொரு மணி வாக்கில் பள்ளிபாளையம். பாலத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் செல்வராஜ் மொபெட்டோடு காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். அப்பா வைத்துவிட்டுப் போன பதினாறு தறிகளை விற்று, அந்தக் கூடத்துக்குத் ‘தறிமேடை’ என்று பெயர் வைத்து, ஆறு வருடமாகக் கச்சேரி நடத்துகிறவர். தொலைபேசியில் பேசும்போது காதைக் கிழிக்கும் குரல். இப்போது அந்தக் குரல் இறங்கியிருந்தது.

“வாங்க. ஒரு சங்கடமாப் போச்சுங்க. பக்கத்துக் கூடத்து குப்பண்ணன் காலைல தவறிட்டாரு.”

மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து போகும்போது மீதியைச் சொன்னார். அந்தத் தெருவில் தறிமேடையைத் தவிர ஐந்து தறிக்கூடங்கள். ஒருவருக்கு ஞாயிறு விடுமுறை என்றால் இன்னொருவருக்கு வெள்ளி. எல்லாத் தறியும் ஒன்றாக நிற்கிற நாள் என்று எதுவும் கிடையாது. கச்சேரி நாள்களில் மாலை ஆறிலிருந்து எட்டு வரை தெரு முழுக்கத் தறியை நிறுத்திக் கொடுத்தவர் இந்தக் குப்பண்ணன்தான். தன்னுடைய பன்னிரண்டு தறிகளை நிறுத்திவிட்டு, மற்ற நான்கு கூடங்களுக்கும் அவரே போய்க் கேட்பாராம். தெருவில் மூத்தவர் என்பதால் யாரும் மறுத்ததில்லை.

“அத்தனையும் பண்ணிட்டு, முதல் வரிசைல வந்து உக்காந்து தூங்கிருவாருங்க. எந்தக் கச்சேரியும் பாக்கி இல்லீங்க. வங்காளத்துல இருந்து ஒருத்தர் வந்து உருகி உருகிப் பாடறாரு, இவரு குறட்டை விடறாரு. எனக்கு மானமே போச்சு அன்னிக்கு.” சிரிக்கத்தான் பார்த்தார். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது.

தெருவுக்குள் திரும்பியதும் நடத்துநர் சொன்னதற்கு நேர்மாறான ஒன்றைக் கண்டேன். ஒரு சத்தம் இல்லை. தெருவில் சாவு விழுந்தால் சடலம் எடுக்கும்வரை எந்தக் கூடத்திலும் தறி ஓடக்கூடாது என்பது இங்கே வழக்கம். ஓட்டுக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுவது கேட்டது. ஆனால் மனிதர்கள் மட்டும் கத்திக்கொண்டிருந்தார்கள். எதிரெதிரே நின்ற இரண்டு பேர், “நாலு மணிக்கு எடுக்கறாங்களா?” “ஆமா, நாலுக்குத்தான்!” என்று ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையுமாக நிற்பதுபோலப் பேசினார்கள். வாழ்நாளெல்லாம் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்களுக்கு இறங்கத் தெரியவில்லை.

தறிமேடையின் வாசல் சுவரில் ஒரு கரும்பலகை. ‘வரும் நிகழ்ச்சிகள்’ என்று தலைப்பிட்டு நான்கு வரிகள். இன்று ஜாஸ்: சாக்ஸபோன், டபுள் பேஸ். கார்த்திகையில் ஒரு பெரிய மேளக் குழு. மார்கழியில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவர், இருபத்தொரு கம்பி கட்டிய சுரைக்குடுக்கை யாழோடு. தையில் ராசிபுரம் பக்கத்துப் பெண்மணி ஒருவர், வாத்தியம் எதுவும் இல்லாமல் தாலாட்டுப் பாட்டு மட்டும்.

“அந்தத் தாலாட்டு வரியப் படிச்சுட்டு குப்பண்ணன் என்ன சொன்னாருங்கறீங்க? ‘செல்வராஜு, மத்ததுக்கெல்லாம் தூங்கிட்டேன், அன்னிக்கு மட்டும் முழிச்சிருக்கோணும்டா’ன்னாரு.”

உள்ளே கலைஞர்கள் இருவரும் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். சாக்ஸபோன் வாசிக்கும் ஜோஸ் கொச்சிக்காரர். அவரோடு பெங்களூரிலிருந்து வந்த இளைஞருக்குப் பக்கத்தில், ஆள் உயர வயலின் போன்ற டபுள் பேஸ் உறை பிரிக்காமல் சுவரில் சாய்ந்திருந்தது. தரையில் தறிகளை முடுக்கி வைத்திருந்த போல்ட்டுகளின் தடம் வரிசை வரிசையாகத் தெரிந்தது. ஜோஸ் கூடத்தின் நடுவில் நின்று மெல்ல ஒருமுறை விரலைச் சொடுக்கினார். அந்தச் சின்னச் சத்தம் நாலு மூலைக்கும் போய்த் திரும்பியது.

“இத்ர நல்ல ரூம் நான் பாத்ததில்ல,” என்றார். “இப்பவே வாசிச்சா எப்படி இருக்கும்!”

“இன்னிக்கு மட்டுந்தாங்க இப்பிடி,” என்றார் செல்வராஜ். “ஆனா சடலம் கெடக்கறப்போ வாசிக்க முடியாதுங்க.”

ஆறு வருடமாக ஒவ்வொரு மாதமும் கெஞ்சி வாங்கிய நிசப்தம் ஒரு பகல் முழுக்கத் தானாக வந்து கொட்டிக் கிடந்தது. அதை எதற்கும் பயன்படுத்த முடியாது. மதியம் சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. செல்வராஜ் கச்சேரியை நிறுத்திவிடுவதென்றுதான் இருந்தார். மூன்று மணிக்குக் குப்பண்ணனின் மகள் மல்லிகா ஆள் அனுப்பினார்: எடுத்ததுக்கப்புறம் கச்சேரி நடக்கட்டும், வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். தூறலில் பறை அடித்தபடி ஆற்றங்கரை மயானத்துக்கு ஊர்வலம் போனது. நானும் ஜோஸும் குடைக்குள் ஒண்டிக்கொண்டு பின்னால் போனோம். காவிரி கலங்கலாக, கரையைத் தொட்டு ஓடியது. காகித ஆலைப் பக்கமிருந்து ஒரு புளித்த வாடை. முன்பு தெருமுனையை ஊர்வலம் தாண்டியபோது நான் திரும்பிப் பார்த்திருந்தேன். பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தெருவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மயானத்திலிருந்து திரும்பி வருவதற்குள் முதல் தறி ஓடத் தொடங்கிவிட்டது. பிறகு இன்னொன்று. தெருவுக்குள் நுழைந்தபோது நான்கு கூடங்களும் முழுமூச்சில் ஓடிக்கொண்டிருந்தன. ‘கட்டக் கட்டக்’ என்று எழுதிக் காட்டுவார்களே, அதெல்லாம் ஒற்றைத் தறிக்கு. ஐம்பது தறி சேர்ந்தால் அது சத்தம் இல்லை, பல்லுக்குள் இறங்குகிற ஒரு நடுக்கம். குப்பண்ணனின் கூடம் மட்டும் பூட்டிக் கிடந்தது.

ஐந்தரை மணிக்கு ஆள்கள் வரத் தொடங்கினார்கள். சேலத்திலிருந்து, ஈரோட்டிலிருந்து, பரமத்தி வேலூரிலிருந்துகூட ஒரு வெற்றிலைத் தோட்டக்காரர். முப்பது பேர் தேறும். செல்வராஜ் சட்டையை மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். “துணைக்கு வாரீங்களா?” என்றார். குப்பண்ணன் போய்க் கேட்ட நான்கு கூடங்களுக்கும் இன்று அவர் போக வேண்டும். ஆறு வருடத்தில் இது முதல் தடவை.

கூடத்துக்குள் வாயால் பேச முடியாது. அங்கே எல்லாம் கைச்சாடைதான். குப்பண்ணன் வாசலில் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் கவிழ்த்து, தொட்டில் பிள்ளையை அமர்த்துவதுபோல மெதுவாகக் கீழே இறக்குவாராம். தறி ஒவ்வொன்றாக நிற்குமாம். செல்வராஜ் அதே சாடையைச் செய்தார். முதல் கூடத்தில் தறி ஓட்டுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் தறியிலிருந்த துணியைக் காட்டி, கையை நீட்டி அளந்து, பிறகு இல்லை என்று விரலை ஆட்டினார். எனக்கே புரிந்தது. அவர்களுக்கு மீட்டர் கணக்கில்தான் கூலி, அன்றைக்குப் பகல் பொழுது முழுக்கப் போய்விட்டது. இரண்டாவது கூடத்திலும் அதே கதைதான்.

மூன்றாவது கூடத்துக்காரர் எங்களை வெளியே கூட்டிவந்து, செல்வராஜின் தோளில் கைவைத்துக் காதருகே கத்தினார்.

“கோச்சுக்காதே செல்வராஜு. இத்தன நாளும் அந்தண்ணன் கேட்டாரு, நிறுத்துனோம். இன்னிக்கு அவருக்காகவே காலைல இருந்து நிறுத்துனோம். இனி யாருக்காக நிறுத்தறது, சொல்லு?”

செல்வராஜ் தலையசைத்துவிட்டு நான்காவது கூடத்தை நோக்கி நடந்தார். எனக்கு அந்த மனிதர்மேல் கோபம்கூட வரவில்லை. நியாயமான ஆளிடம் தோற்பதைப் போல வேதனை வேறில்லை.

நான்காவது கூடத்தில் எல்லோரும் தலையாட்டி மறுத்த பிறகு, மூலையில் நின்ற ஒரு பெண் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது, தலையில் பஞ்சு படிந்திருந்தது. பெயர் சரசு என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் தன் பொறுப்பில் இருந்த இரண்டு தறிகளையும் நிறுத்தினார். செல்வராஜைப் பார்த்து அந்த உள்ளங்கைச் சாடையைத் திருப்பிச் செய்துவிட்டு, தறியின்மேல் சாய்ந்துகொண்டார். அவ்வளவுதான். ஐம்பதில் இரண்டு.

ஆறு மணிக்குக் கச்சேரி தொடங்கியது. சாக்ஸபோன் தறிச் சத்தத்துக்கு மேலே அங்கங்கே ஏறி ஏறி வந்து பார்த்தது. ஏறிய இடங்கள் மட்டும் காதில் விழுந்தன. டபுள் பேஸ் ஒரு சொட்டுக்கூடக் கேட்கவில்லை. அந்த இளைஞரின் விரல்கள் கம்பியில் ஏறி இறங்குவதை முப்பது பேரும் வேடிக்கை பார்த்தோம். வெற்றிலைத் தோட்டக்காரர் உடம்பை முன்னால் வளைத்து, காதில் கைவைத்து, கடைசிவரை முயன்றார். இருபது நிமிடத்தில் ஜோஸ் வாத்தியத்தை மடியில் இறக்கினார். கூட்டம் சத்தமாகக் கைதட்டியது. அந்தக் கைதட்டல் நன்றாகக் கேட்டது.

எல்லோரும் போன பிறகு செல்வராஜ் சரசுவைப் பற்றி ஜோஸிடம் சொன்னார்.

“ரெண்டு தறி கொறஞ்சது தெரிஞ்சது சார்,” என்றார் ஜோஸ்.

“பொய் சொல்லாதீங்க தம்பி,” என்றார் செல்வராஜ், வாஞ்சையாகத்தான்.

இரவு அரங்கத்தின் மாடி அறையில் படுத்தேன். கட்டில் நடுங்கிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை கிளம்புவதற்குமுன் குப்பண்ணன் வீட்டுக்குப் போனோம். படியேறும்முன் செல்வராஜ் என் கையைப் பிடித்து நிறுத்தினார். “திரும்பறப்போ வாரேன்னு சொல்லீறாதீங்க. எழவு ஊட்டுல சொல்லக்கூடாது. சொல்லாம எந்திரிச்சு வந்தர்றது.”

மல்லிகாவுக்கு அழுது அழுது குரல் கட்டியிருந்தது. கச்சேரி எப்படி நடந்தது என்று கேட்டார். நன்றாக நடந்தது என்றேன். வேறு என்ன சொல்ல?

“அப்பா அங்க வந்து தூங்குனது உங்களுக்குச் சங்கட்டமா இருந்திருக்கும்ணா,” என்றார் செல்வராஜிடம். “அவருக்குக் காது போயிப் பல வருசமாச்சு. உங்ககிட்டச் சொல்லக் கூச்சம். பாட்டெல்லாம் ஒண்ணுங் கேக்காது. ஆனா தறி அதிர்றது மட்டும் ஒடம்புல தெரியுமாமா. படுத்தாலும் தெரியும், பாதி ராத்திரில எந்திரிச்சு உக்காந்துக்குவாரு. உங்க கச்சேரி அன்னிக்குத்தான் மாசத்துல ரெண்டு மணி நேரம் நல்லாத் தூங்கறேன் சாமின்னு சொல்லுவாரு.”

செல்வராஜ் மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து இருவரும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே வந்தோம்.

தறிமேடை வாசலில் அவர் ஒரு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு கரும்பலகை முன்னால் நின்றார். ஜாஸ் வரியைத் துடைத்தார். மேளக் குழுவை விட்டுவிட்டார். “இது கேக்குமுங்க. இந்த மாதிரித்தான் இனிப் பாத்து வைக்கோணும்,” என்று என் காதருகே கத்தினார். மார்கழி வரியைத் துடைத்தார். தாலாட்டு வரிக்கு வந்ததும் துணி நின்றது. அந்தப் பெண்மணி ஏற்கெனவே ஒத்துக்கொண்டுவிட்டாராம். போன் செய்து என்ன காரணம் சொல்வது என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் இரண்டே இழுப்பில் அதையும் துடைத்துவிட்டார்.

சென்னையில் என் வீட்டில் ஜன்னலைச் சாத்தினால் அமைதி வந்துவிடும். அதற்காக நான் எவர் வாசலிலும் போய் நின்றதில்லை. செல்வராஜ் மொபெட்டில் கொண்டுவந்து நிறுத்தத்தில் விட்டபோதே சேலம் பேருந்து முனையில் திரும்புவது தெரிந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். வழக்கமாக விருந்தாளி சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று உண்டே, அதற்காக வாயைத் திறந்தேன். வரவில்லை. செல்வராஜும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் போய் வண்டியில் ஏறிக்கொண்டேன்.