ஒரே கோப்பையில் இரண்டு பூனைகள்

பழுகாமத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு மட்டக்களப்புக்குப் போய் இரத்தம் சோதித்ததில், எங்கள் கறுப்பனுக்குப் பூனை லியுக்கீமியா என்று தெரிந்தது. நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தைத் தந்த மிருக வைத்தியர், "இது நோயை மாத்தாது சேர். கொஞ்சம் தாங்கும்" என்றார். நான் நிறைய வாசிக்கிறவன். அந்த மருந்தைப் பற்றி ஒரு வாரம் வாசித்தேன்; நோயைப் பற்றி வாசிக்கத் தோன்றவில்லை.

மருந்து கலந்த மீனைக் கறுப்பன் தொடவில்லை. எனவே எங்கள் மற்றக் குட்டி வெள்ளச்சியையும் அதே கோப்பையில் விட்டேன். பொறாமையில் அவன் பாய்ந்து தின்றான்.

"நீங்க டொக்டருக்குப் படிச்சிருக்கலாம்" என்றாள் மனைவி. நான் மறுக்கவில்லை.

சில மாதங்களில் கறுப்பன் போய்விட்டான். பிறகு வெள்ளச்சி மெலியத் தொடங்கினாள். அவளுக்கும் அதே நோய்.

"ரெண்டும் ஒண்டாவா சாப்பிட்டது?" என்று வைத்தியர் கேட்டார்.

"ஓம், ஒரே கோப்பையில."

"எச்சில்லதான் சேர் இந்த வைரஸ் தொத்துற. தனியா வையுங்க எண்டு அண்டைக்கே சொன்னனே!"

அப்போது நான் மருந்துப் போத்தலின் லேபிளை வாசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

"இஞ்சேருங்க, அப்ப நாமதான் குடுத்தமா?" என்றாள் மனைவி.

"நாம இல்ல, நான்."

இப்போது யாராவது பூனைக்குச் சுகமில்லை என்றால், மருந்தின் பெயரைக் கேட்பதில்லை. வீட்டில் வேறு பூனை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன். வெள்ளச்சியும் மருந்து மீனைத் தொடுவதில்லை. தரையில் உட்கார்ந்து விரலால் ஊட்டுகிறேன். கடைசியில் விரலை நக்குகிறாள். மனிதருக்கு இது தொற்றாதாம்.