பேசாமலே பிரேக் மாத்தின கதை

நான் எழுத்துக் கூட்டி எழுதுறவ. மெதுவாத்தான் வரும், கூடவே நீங்களும் மெதுவா வாங்க.

எங்க வீட்டுக்காரரு கொடைக்கானல்ல டாக்சி ஓட்டுனாரு. பழைய காரு, சொந்தக் காரு. நான் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைங்க யூனிபாரம் தைச்சேன். எம்பதாம் வருசத்துக்கு முன்னப்பின்ன இருக்கும். சீசன் தொடங்குற நேரத்துல பிரேக்கு தேஞ்சுபோச்சு. காட் ரோட்டுல பிரேக்கு இல்லாம எறங்குறதும் ஒண்ணு, பாறையில இருந்து குதிக்கிறதும் ஒண்ணு.

ஒர்க்‌ஷாப்புல நாலு சக்கரத்துக்கும் சேத்து ஒரு தொகை கேட்டாங்க. நான் ரெண்டு மாசம் தைச்சாலும் வராது. அவுக தலையச் சொறிஞ்சுக்கிட்டு வந்து சொன்னப்ப, “அவனுக்கும் ரெண்டு கை, உங்களுக்கும் ரெண்டு கை. அவன் கையில மட்டும் என்ன தங்கமா கெடக்கு?”ன்னு கேட்டேன்.

“இது தையல் மிஷினு இல்ல புள்ள. உனக்கு என்ன தெரியும்?”னாக.

அதோட பேச்சு நின்னுபோச்சு. அவுகளுக்கும் ரோசம், எனக்கு அதைவிடக் கூட.

ஆனா ரோசத்துக்கும் ஒரு நல்ல குணம் உண்டு, ஆளைச் சோலி பாக்க வச்சிரும். மறுநாள் வெள்ளனே பஸ் ஏறி திண்டுக்கல்லு போயி, பிரேக் ஷூ, ரப்பரு, ஒரு பாட்டில் பிரேக் எண்ணெய் எல்லாம் வாங்கியாந்தாக. ஒர்க்‌ஷாப்புல கேட்டதுல மூணுல ஒரு பங்குகூட ஆகலை. மிச்சமெல்லாம் வேலைக்கூலின்னு எனக்கு முன்னாடியே தெரியும். சொல்லலை. பேச்சுதான் இல்லையே.

வீட்டு வாசல்ல ஜாக்கி போட்டு, ஒவ்வொரு சக்கரமாக் கழட்டி எல்லாத்தையும் மாத்திட்டாக. கடைசியில ஒரு வேலைதான் பாக்கி. எண்ணெய்க் குழாய்க்குள்ள இருக்குற காத்தை வெளியேத்தணும். அதுக்கு ஒரு ஆளு உள்ள உக்காந்து பெடலை மிதிச்சுப் புடிக்கணும், இன்னொரு ஆளு சக்கரத்துக்கிட்ட இருக்குற திருகாணியத் தொறந்து மூடணும். வீட்டுல இருந்ததே நாங்க ரெண்டு பேருதான். மறுநாள் காலையில, ஒரு ஓட்டலுக்காரரு சொல்லிவிட்ட குடும்பத்தைக் கொடைரோடு ஸ்டேசனுல விடணும். அந்த வருச சீசனுக்கு அதுதான் முதல் சவாரி. அதை விட்டா அந்த ஓட்டலுக்காரரு அடுத்த டாக்சியத்தான் கூப்பிடுவாரு.

அவுக காரு கதவைத் தொறந்து வச்சுட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு நின்னாக. நான் ஊசியத் துணியில குத்தி வச்சுட்டு, கூப்பிடாமலே போயி உக்காந்தேன்.

சக்கரத்துக்கிட்ட படுத்துக்கிட்டு ஸ்பேனரால ஒரு தட்டு தட்டுனாக. மிதிச்சேன். ரெண்டு தட்டு தட்டுனாக. விட்டேன். மிதிச்சுட்டேன்னு சொல்றதுக்கு நான் காரு ஆரனை அடிச்சேன். தட்டு, ஆரனு, தட்டுத் தட்டு. பக்கத்து வீட்டு டீச்சரம்மா வெளிய வந்து, யாரையாவது வெரசாக் கூப்பிடணுமான்னு கேட்டாங்க. எங்களுக்குள்ள பேசிக்கிட்டு இருக்கோம்னு சொல்லி அனுப்புனேன்.

பெடலு முதல்ல பிசைஞ்ச மாவு மாதிரி அமுங்குச்சு. போகப்போகக் கெட்டியாச்சு. மூணு சக்கரம் முடிஞ்சு நாலாவதுல, திடீர்னு என் காலு பள்ளத்துல விழுந்தாப்புல தரையில போயி இடிச்சுச்சு.

எண்ணெய் ஊத்துற டப்பா என் காலுக்கடியில, காருக்குள்ள விரிச்சிருக்குற ரப்பர் மேட்டைத் தூக்குனா தெரியுற எடத்துலதான் இருந்துச்சு. மூடி தொறந்தே கெடந்துச்சு. அவுக எந்திரிச்சு வந்து எட்டிப் பாத்தாக. சொட்டு இல்லை. எண்ணெய் தீந்தா காத்து மறுபடியும் உள்ள போயிரும், அத்தனை வேலையும் வீண்.

“எண்ணெய் கொறைஞ்சதைப் பாக்கலையா?”

“பாத்தேன்.”

“சொல்ல வேண்டியதுதானே?”

“கேக்க வேண்டியதுதானே?”

அவுக கிரீசுக் கையோட வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாக. மீசையெல்லாம் கறுப்பு. முதல்ல வாயத் தொறந்தது அவுகதான். இதை யாரும் மாத்திச் சொல்லப்படாது.

பெட்ரோல் பங்குக்கு நடந்துபோயி இன்னொரு பாட்டில் வாங்கியாந்தாக. மலையில அதுக்கு வெல கூட. ரெண்டாவது தடவை வாயாலயே வேலை நடந்துச்சு. மிதின்னாக, விடுன்னாக. எண்ணெய் கொறையுதுன்னு நான் சொல்லச் சொல்ல வந்து ஊத்துனாக. பொழுது சாயறதுக்குள்ள பெடலு கல்லு மாதிரி நின்னுச்சு.

“நீ எறங்கு. நான் ஒரு சுத்து போயிப் பாத்துட்டு வாரேன்”னாக.

“மிதிச்சது நானு”ன்னு சொல்லிட்டு நகந்து பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டேன்.

தைல மரத்து எறக்கத்துல பனிமூட்டம். வேகமாவே எறக்குனாக. திருப்பத்துக்கு முன்னாடி ஒரே மிதி. காரு நின்னுருச்சு, நான் நிக்கலை. நெத்தி முன்னாடி தகரத்துல மோதுச்சு.

அவுக முகம் வெளுத்துப்போச்சு. “அடி பலமா?”

“பிரேக்கு பலம்”னேன்.

மறுநாள் சவாரி கொடைரோடு போயிட்டு பத்திரமாத் திரும்பி வந்துச்சு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பொம்பளைங்க எல்லாரும், புருசன் அடிச்சதுன்னு நெனச்சாங்களோ என்னமோ, பாட்டுப் புஸ்தகத்தை விட்டுட்டு என் நெத்தி வீக்கத்தையே பாத்தாங்க. முக்காட்டை இழுத்து மறைக்கச் சொல்லி அவுக ஆம்பளைங்க பக்கத்துல இருந்து சாடை காட்டுனாக. நான் அதை இன்னும் கொஞ்சம் பின்னாடி தள்ளி விட்டுக்கிட்டேன்.